பின்னிருக்கை

இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தால்தான் கூட்டிப்போவேன் என்று மிருதுளா கறாராகச் சொல்லிவிட்டாள். அதனால் கல்யாணமான நாளிலிருந்து வெளியே போகப் புடவையைத் தவிர வேறொன்றும் உடுத்தாத சாருமதி, மகளுடைய பழைய சுடிதார் ஒன்றை மாட்டிக்கொண்டு, மகளின் தோழி தீப்தியுடைய ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, அதே தீப்தியின் ஸ்கூட்டரில் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். உட்கார்ந்த கணமே இறங்கிவிட வேண்டும் போலிருந்தது. இறங்கவில்லை. ஹெல்மெட்டுக்குள் யாரோ ஒரு பெண்ணின் தேங்காயெண்ணெயும் ஷாம்பூவும் கலந்த வாசனை. தன் மூச்சே பக்கத்தில் யாரோ படுத்துத் தூங்குவது போலக் கேட்டது. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மடியில் வைத்தாள், தொடையில் வைத்தாள், கடைசியில் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் அங்கிருந்த கம்பியைப் பிடித்தாள். என்னைப் பிடிச்சுக்கோம்மா என்றாள் மிருதுளா. கம்பியே போதும் என்றாள் இவள். வண்டி கிளம்பியது. வயிறு மட்டும் வாசலிலேயே நின்றுவிட்டது.

நேற்று சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. புனேயில் வேலை கிடைத்து அடுத்த வாரம் கிளம்பப் போகிறவள், விடுதியிலிருந்து ஆபீஸ் தூரம், பஸ் சரியில்லை, அங்கே போய் ஒரு வண்டி வாங்கிக்கொள்ளப் போகிறேன் என்றாள். உனக்குத்தான் ஓட்டத் தெரியாதே என்று சாருமதி சொல்ல, தெரியும், ஒரு வருஷமாக ஓட்டுகிறேன் என்று தலையணையை உறைக்குள் திணித்தபடி, முகம் பார்க்காமல் மிருதுளா சொன்னாள். ஒரு வருஷமாக. சாருமதி மடித்த துண்டையே பிரித்து மறுபடி மடித்தாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை, பாலிடெக்னிக்கில் வகுப்பெடுக்க வண்டியில் போன அவள் கணவர் ஜெகந்நாதன் பைபாஸ் சாலையில் லாரி அடித்து இறந்துபோன பிறகு அந்த வீட்டில் இரண்டு சக்கர வண்டி என்ற பேச்சே எழுந்ததில்லை. தடை என்று யாரும் வாயால் போடவில்லை. போட வேண்டியிருக்கவில்லை. சாருமதி கத்தியிருக்கலாம். கத்தவில்லை. கத்துகிற வழக்கமே அவளுக்கு இல்லை. மகளும் அதைத் தெரிந்துகொண்டுதான் பேசினாள். நாளைக்கு அத்தை வீட்டுக்கு நான் கூட்டிட்டுப் போறேன், ஒரே ஒரு தடவை பின்னால உட்காரு, போய் இறங்கினதும் நீ வேண்டாம்னு சொல்லிட்டா நான் இனிமே தொடமாட்டேன், புனேல பஸ்ஸுலயே தொங்கிக்கிறேன். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. நம்ம கையில இல்லாததுக்குப் பயப்படக் கூடாதுன்னு நீதானேம்மா பாடம் எடுக்கற என்றும் சேர்த்துச் சொன்னாள். சாருமதி துண்டை அடுக்கில் வைத்துவிட்டு, எத்தனை மணிக்குக் கிளம்பணும் என்று கேட்டாள்.

கே.கே. நகர்த் தெருக்களில் வேகத்தடைக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொன்றிலும் மிருதுளா வண்டியை அடக்கி, ஏற்றி, இறக்கினாள். ஒவ்வொன்றிலும் சாருமதியின் தாடை இறுகித் திறந்தது. எதிரே தண்ணீர் லாரி. ஓரமாக ஒரு மாடு, அது எந்த நிமிஷமும் மனசு மாறலாம். பயிற்சி செய், பயிற்சி செய் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். இரண்டு பத்தி. எது என் வசம், எது என் வசமில்லை. மாடு என் வசமில்லை. தண்ணீர் லாரி என் வசமில்லை. பிரேக் என் வசமில்லை, ஆக்சிலேட்டர் என் வசமில்லை, மகளுடைய இரண்டு மணிக்கட்டும் என் வசமில்லை. அப்படியானால் என் வசம் என்னதான் இருக்கிறது, இந்தக் கம்பி. இதைப் பிடிப்பதோ விடுவதோ. வியாழக்கிழமை வகுப்பில் இதைத்தான் கரும்பலகையில் கோடு கிழித்து எழுதிப் போட்டாள். அவள் வேலை பார்க்கிற பெண்கள் கல்லூரியில் இரண்டாம் வருஷப் பிள்ளைகளுக்கு மெய்யியல் தாளில் ஸ்டோயிக் ஞானிகளைப் பற்றி ஒரு அலகு இருக்கிறது. அந்தக் கால கிரேக்கத்திலும் ரோமாபுரியிலும் இருந்த இவர்கள் நடப்பதை மாற்ற நினைக்காதே, நடப்பதை நீ எப்படி எடுத்துக்கொள்கிறாய் என்பதை மட்டும் பார்த்துக்கொள் என்று சொன்னவர்கள். கடைசி பெஞ்சிலிருந்து ஷகிலா பானு எழுந்து, மேடம், பஸ்ஸில் ஒருத்தன் வேண்டுமென்றே இடித்தால் அதுவும் நம் வசம் இல்லாத பத்தியில்தான் வருமா என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. இடிப்பது உன் வசமில்லை, அதற்குப் பிறகு நீ செய்வது உன் வசம் என்றாள் சாருமதி. அப்ப நான் செருப்பைக் கழட்டுவேன் மேடம், அது என் வசம்தானே என்றாள் அந்தப் பெண். வகுப்பு மறுபடி சிரித்தது, சாருமதியும் சிரித்தாள். நல்ல வகுப்பு. எவ்வளவு அழகாக மணியடித்து முடிந்த வகுப்பு. வகுப்பறை நகராது. மேஜை நகராது. ஆசிரியர் நின்ற இடத்தில் நிற்கிறார், கீழே தார் ரோடு ஓடுவதில்லை. மாடு பின்னால் போய்விட்டது. எப்போது போயிற்று? நான் பார்க்கவே இல்லையே. பார்க்காமல் இருந்தபோதும் அது போய்த்தான் இருக்கிறது.

டோல்கேட் சிக்னலில் சிவப்பு. மிருதுளா காலை ஊன்றி நின்றாள். மகளுடைய செருப்பு நுனி தரையைத் தொட்டுக்கொண்டிருப்பதைச் சாருமதி பார்த்தாள். நுனி மட்டும்தான். பாதம் முழுசாகப் படவில்லை. இவள் உயரத்துக்கு இந்த வண்டி பெரிசு. அப்பாவைப் போல வளர்வாள் என்று நினைத்தது, வளரவில்லை. இரண்டு பக்கமும் வண்டிகள் வந்து நெருக்கின. ஒரு ஆட்டோவிலிருந்து யாரோ பள்ளிக்கூடப் பெண் இவளையே பார்த்தது. ஹெல்மெட்டுக்குள் முகம் தெரியாது என்பது ஆறுதலாக இருந்தது. என்ன முகம் வைத்திருக்கிறோம் என்று இவளுக்கே தெரியவில்லை. வழக்கமான முகம்தான் இருக்கும். எல்லோரும் மெச்சின முகம். ஜெகந்நாதன் போன அன்று வந்தவர்களுக்கெல்லாம் காப்பி போட்டுக் கொடுத்தது இந்த முகம்தான். பக்கத்து வீட்டுக்காரர்கள் அடுப்படியிலிருந்து இழுத்துக்கொண்டு வந்து உட்காரவைக்கப் பார்த்தார்கள். பால் பொங்கிடும், விடுங்க என்றாள். வரலாற்றுத் துறை பிலோமினா கையைப் பிடித்துக்கொண்டு, நீங்க சொல்லிக் கொடுக்கறதை நீங்களே வாழ்ந்து காட்டறீங்க மேடம் என்றாள். அதைக் கேட்டபோது ஒரு துளி பெருமை வந்தது. அந்த நாளிலா, அந்தக் கூடத்திலா, ஆமாம், வந்தது. யாருக்கும் தெரியாது. சப் இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, சார் மேல ஒரு தப்பும் இல்லம்மா என்றார். ஹெல்மெட் போட்டிருந்தார், ஓரமாகத்தான் போனார், மெதுவாகத்தான் போனார், லாரிக்காரன்தான் கண்ணசந்துட்டான். ஆறுதலாகத்தான் சொன்னார். ஒரு தப்பும் இல்லை. தன் வசம் இருந்ததையெல்லாம் சரியாகச் செய்த மனுஷன். அந்த வாக்கியம் மட்டும் மீன்முள் மாதிரி அப்படியே நின்றுவிட்டது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அவர்மேல் ஒரு தப்பு இருந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டாவது எழுந்திருக்கலாம். கூடத்து மூலையில் மிருதுளா பள்ளிச் சீருடையோடு உட்கார்ந்து அம்மா காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டு போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுது அழுது அவள் முகம் வீங்கியிருந்தது. அவள் பார்த்த பார்வையை அன்று சாருமதி கவனித்தாள், பிறகு கவனிக்கலாம் என்று எடுத்து வைத்தாள். எடுத்து வைத்தது வைத்த இடத்திலேயே இருக்கிறது. பின்னாலிருந்து ஹாரன். பச்சை.

நேரே போனால் ஊருக்குள் போகும். தலைமைத் தபால் நிலையம், பாலக்கரை, சத்திரம், பிறகு காவேரிப் பாலம். ஸ்ரீரங்கத்துக்கு அவள் எப்போதும் பஸ்ஸில் போகிற வழி. எவ்வளவு நெரிசலாக இருந்தாலும் அதுதான் வழி. மிருதுளா நேரே போகவில்லை. வண்டி திரும்பியது. திரும்பி முடித்த பிறகுதான் சாருமதிக்கு உறைத்தது, பைபாஸ். ஊருக்குள்ள போகலாம் மிரு என்றாள். ஹெல்மெட் இவள் குரலை இவளுக்கே திருப்பிக் கொடுத்தது. மிரு, ஊருக்குள்ள. மகள் தலையைக் கொஞ்சம் சாய்த்து, அங்க ரோடு வெட்டிப் போட்டிருக்கும்மா என்பது போல ஏதோ கத்தினாள், காற்று பாதியைத் தின்றது. தெரிந்துதான் வருகிறாளா? தெரியாது. பைபாஸில் என்று மட்டும்தான் அவளிடம் சொன்னது. எந்த இடம் என்று சொன்னதில்லை, காட்டினதில்லை. பைபாஸ் நீளமானது. எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். ஆனால் எங்கே வேண்டுமானாலும் இல்லை. பால்பண்ணைக்குச் சற்று முன்னால், சர்வீஸ் ரோடு வந்து சேர்கிற வளைவு. சாருமதி அங்கே ஒரு தடவைகூடப் போனதில்லை, ஆனால் மனசில் அந்த இடத்தை வரைந்து வைத்திருந்தாள், அங்கே மரம்கூட ஒன்று நட்டிருந்தாள். இப்போது காற்று மார்பில் கையை வைத்துத் தள்ளியது. ஒரு பஸ் கடந்து போனபோது அதன் பின்னால் ஒரு பள்ளம் உண்டாகி வண்டியை உள்ளே இழுப்பது போலிருந்தது. கம்பியைப் பிடித்த விரல்கள் மரத்துப்போய்விட்டன. பயிற்சி. வேறு பயிற்சி. மிக மோசமானதை முன்கூட்டியே நினைத்துப் பார்த்துவிடு, வரும்போது அது உனக்குப் புதிதாக இருக்காது. அந்த ஞானிகள் காலையில் எழுந்ததும் செய்த காரியம் அது. அதை இவள் சொல்லிக் கொடுத்தது மட்டும் இல்லை, செய்தாள். இந்த ஆறு வருஷமாக ஒரு நாள் விடாமல். மிருதுளா பையை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டினதும் கதவைச் சாத்திவிட்டு, இவள் சமையலறையில் நின்று, சரி, இன்றைக்கு என்று ஆரம்பிப்பாள். போன் வரும். தெரியாத குரல் பேசும். ஆஸ்பத்திரியில் பச்சைத் துணி விலக்குவார்கள். துப்பட்டா என்ன நிறம் என்பது வரைக்கும் பார்த்துவிடுவாள், அன்று காலை அவள் போட்டுக்கொண்டு போன அதே நிறம். பார்த்து முடித்தபின் ஒரு அமைதி வரும், காய்கறி நறுக்கப் போவாள். அதைத்தான் அமைதி என்று நினைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு லாரி, அதன் சக்கரம் இவள் தோள் உயரத்துக்குச் சுழன்றுகொண்டு கூடவே வந்தது, சக்கரத்தின் நட்டுகள் ஒன்றாகக் கலந்து வளையமாகத் தெரிந்தன, அதைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது அவளுக்குச் சட்டென்று ஒன்று விளங்கிற்று. இத்தனை வருஷமாகத் தினமும் காலையில் மகளை ஒரு தடவை சாகக் கொடுத்திருக்கிறாள். ஒரு நாள்கூட அவளைச் சாயங்காலம் வரை உயிரோடு அனுப்பவில்லை. அவள் வீட்டுக்குத் திரும்பி வந்து பசிக்குதும்மா என்று சொல்லும்போதெல்லாம், ஏற்கெனவே அடக்கம் பண்ணின ஒருத்திக்குத்தான் தட்டு வைத்திருக்கிறாள். அதனால்தானா அந்தப் பிள்ளை ஒரு வருஷமாக ஒன்றும் சொல்லவில்லை. செத்தவளிடம் யார் போய்ச் செய்தி கேட்பார்கள்.

லாரி ஹாரன் அடித்தது. இவளைப் பார்த்து அடித்ததல்ல, யாரையோ பார்த்து அடித்தது. ஆனால் அந்தச் சத்தம் முதுகெலும்பு வழியாக உள்ளே போய்விட்டது. வளைவு வந்தது. மிருதுளா வண்டியை இடது பக்கம் சாய்த்தாள். பூமி இடது பக்கமாக எழுந்து வருவது போலிருந்தது, விழப்போகிறோம் என்று சாருமதியின் உடம்பு முடிவு பண்ணிவிட்டது. அவளைக் கேட்கவே இல்லை. அவள் முழுப் பலத்தையும் கொண்டு வலது பக்கம், லாரி இருந்த பக்கம், சாய்ந்தாள். வண்டி துள்ளியது. ஹேண்டில்பார் ஒரு தடவை இப்படியும் ஒரு தடவை அப்படியும் வெட்டியது. சக்கரத்து நட்டுகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. யாரோ ஜெகன் என்று கத்தினார்கள். தன் குரல்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. மிருதுளா கத்தவில்லை. உடம்பைக் குறுக்கி, வண்டியைப் பிடித்து நிமிர்த்தி, வேகத்தைக் குறைத்து, கோட்டைத் தாண்டி மண் தரையில் இறக்கி நிறுத்தினாள். லாரி தன்பாட்டுக்குப் போய்விட்டது. அதை ஓட்டியவனுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

இரண்டு பேரும் இறங்கினார்கள். சாருமதி சாலையோரத் தடுப்பைப் பிடித்துக்கொண்டாள். மிருதுளா ஹெல்மெட்டைக் கழற்றினாள். முகம் வெளுத்திருந்தது, மூக்குக்குக் கீழே வேர்வை முத்து முத்தாக நின்றது. திட்டுவாள் என்று சாருமதி எதிர்பார்த்தாள்.  மகள் திட்டவில்லை. 

"வண்டி சாயறப்ப நீயும் கூடச் சாயணும்மா. பயமா இருந்தா சும்மா உட்கார்ந்திரு, மூட்டை மாதிரி. எதிர்ப்பக்கம் மட்டும் இழுக்காதே. நீ இழுத்தா என்னால பிடிக்க முடியாது."

சரி என்று தலையாட்டினாள் சாருமதி. தலையாட்டுவதற்கு ஹெல்மெட் கனமாக இருந்தது. ஆக, என் வசம் ஒன்றுமில்லை என்று அத்தனை நேரம் சொல்லிக்கொண்டிருந்தபோது, இரண்டு பேரையும் லாரிக்கு அடியில் தள்ளுகிற பலம் என் இடுப்பில் இருந்திருக்கிறது. கம்பி என்று நினைத்தேன். கம்பி இல்லை. இன்னும் சரியாக யோசிக்க வேண்டும், வீட்டுக்குப் போய் யோசிக்க வேண்டும். ஆனால் மிருதுளா சாலையின் வளைவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பார்த்துக்கொண்டே, தன் போக்கில் பேசுகிறவள் போல, இன்னும் கொஞ்ச தூரம்தாம்மா என்றாள்.

சாருமதி அவள் பக்கம் திரும்பினாள். "என்ன கொஞ்ச தூரம்?"

"அப்பா இடம்."

சித்தப்பாதான் காட்டினாராம். கல்லூரியில் சேர்ந்த வருஷமே இடத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போய்ப் பார்த்தாளாம். முதலில் தீப்தி பின்னால் உட்கார்ந்து போனது, பிறகு தானே ஓட்டிக்கொண்டு போனது. எத்தனை தடவை என்று சாருமதி கேட்கவில்லை. நிறையத் தடவை என்று அவளே சொன்னாள். முதல் தடவை தாண்ட முடியாமல் திரும்பிவிட்டாளாம். வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டதே அதற்காகத்தான், ஆபீஸ் எல்லாம் அப்புறம் வந்தது. இதையெல்லாம் அவள் குற்றம் சொல்கிற தொனியில் சொல்லவில்லை. ஊருக்குள் ரோடு வெட்டியிருப்பது பொய், வேண்டுமென்றேதான் இந்த வழியாக வந்தேன் என்பதையும் அதே தொனியில் சொன்னாள்.

"நான் போனதுக்கு அப்புறம் நீ தனியா இங்க வரவே மாட்ட. எனக்குத் தெரியும். பஸ்ஸ மாத்தி மாத்தி ஊரெல்லாம் சுத்திப் போவ. அதான்."

தடுப்பின் இரும்பு வெயிலில் சுட்டது. கையை எடுக்காமல் நின்றாள். ஒரு ஷேர் ஆட்டோ வேகத்தைக் குறைத்து, வருகிறார்களா என்று பார்த்துவிட்டுப் போனது. அதில் ஏறியிருக்கலாம். மகளும் மறுத்திருக்க மாட்டாள். சரிம்மா என்று சொல்லி, பின்னாலேயே வண்டியை ஓட்டிக்கொண்டு வந்திருப்பாள், புனேயில் பஸ்ஸில் தொங்கியிருப்பாள், சொன்ன சொல் மாறாத பிள்ளை. அதற்குப் பிறகு எதையும் கேட்டிருக்க மாட்டாள். சாருமதி அந்த ஆட்டோ போன திசையைப் பார்த்தாள். கேட்க வேண்டியது ஒன்று இருந்தது, எத்தனையோ நாளாகக் கேட்டிருக்க வேண்டியது.

"உனக்குப் பயமா இல்லையா மிரு?"

"இருக்கு. சாவிய எடுக்கறப்பவே இருக்கு." மிருதுளா ஹெல்மெட்டின் வாரைத் திருகிக்கொண்டே சொன்னாள். "உனக்குத்தான் இல்லைன்னு நினைச்சேன். அப்பா செத்ததுக்கே நீ அழலயே."

 அதற்குப் பதிலாகச் சொல்லக்கூடிய அழகான வாக்கியங்கள் ஒரு அலகு முழுக்க இருந்தன, எல்லாவற்றையும் இவள் நன்றாகவே நடத்துவாள். ஒன்றையும் எடுக்கவில்லை. வண்டியை நிமிர்த்து என்றாள்.

இந்தத் தடவை கம்பியைத் தேடவில்லை. இரண்டு கையையும் மகளுடைய இடுப்பைச் சுற்றிக் கொண்டுபோய், விலாவுக்குக் கீழே கோர்த்துக்கொண்டாள். கோர்த்த கைக்கு அடியில் ஏதோ அடித்துக்கொண்டிருந்தது. இஞ்சின் அதிர்வு என்று முதலில் நினைத்தாள். இஞ்சின் இன்னும் கிளம்பவில்லை. மகளுடைய இதயம்தான், கூண்டில் அடைத்த குருவி போல விலாவில் மோதிக்கொண்டிருந்தது. இவ்வளவையும் உள்ளே வைத்துக்கொண்டா இத்தனை தூரம் வந்தாள், வேகத்தடைகளில் எண்ணெய் மாதிரி வழுக்கி ஏறி இறங்கினாள், செருப்பு நுனியால் அந்தச் சிக்னலில் நின்றாள், லாரிக்குப் பக்கத்தில் வண்டியை நிமிர்த்தினாள். நான் பயம் இல்லாத மாதிரி இருந்தேன். இவள் பயத்தோடு இருக்கிறாள், இருந்துகொண்டு வேண்டியதைச் செய்கிறாள். இரண்டும் ஒன்று என்று பிலோமினா நினைத்தாள், வகுப்பு நினைத்தது, நான் நினைத்தேன். வண்டி சாலையில் ஏறியது. அந்த வளைவு மறுபடி ஆரம்பித்தது, இடது பக்கம். உடம்பு வலப்பக்கம் இழுத்தது. இழுக்கட்டும். அவள் ஹெல்மெட்டோடு தலையை மகளுடைய முதுகோடு வைத்து அழுத்திக்கொண்டு, முதுகு போன பக்கம் போனாள். விழுகிற மாதிரியேதான் இருந்தது, விழவில்லை. மிருதுளா கையைத் தூக்கி எதையும் காட்டவில்லை, வேகத்தை மட்டும் குறைத்தாள். அதிலிருந்துதான் தெரிந்தது. மரம் இல்லை. சாருமதி நட்டு வைத்த மரம் அங்கே இல்லவே இல்லை. பஞ்சர் ஒட்டுகிற கொட்டகை ஒன்று, வாசலில் கறுப்பு டயர்களின் அடுக்கு, ஒருவன் பெஞ்சில் உட்கார்ந்து பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டிருந்தான். சாலை சாதாரணமாக இருந்தது, வண்டிகள் அதன்மேல் போய்க்கொண்டிருந்தன. இங்கேயா? இவ்வளவுதானா? கடைசியாக அவர் கண்ணில் பட்டது இந்தக் கொட்டகையா, அப்போது இது இருந்ததா, அந்த மனுஷன் அன்றைக்கும் பரோட்டா தின்றுகொண்டிருந்தானா? அவருக்குப் பசித்திருக்குமே. அன்று காலை உப்புமா வேண்டாம் என்று பாதியில் எழுந்து போனார். உப்புமா அவருக்குப் பிடிக்காது. பிடிக்காது என்று தெரிந்தும் இவள் கிண்டி வைத்தாள், நேரமாகிவிட்டது என்று. பாதி வயிற்றோடு போனவர். அவ்வளவுதான், அந்தப் பாதித் தட்டு உப்புமா போதுமாக இருந்தது. எங்கேயோ அடியிலிருந்து ஒரு சத்தம் கிளம்பி வந்தது. ஹெல்மெட்டுக்குள் அது பெரிசாகக் கேட்டது. நிறுத்த நினைத்தாள், அதற்கென்று ஒரு பயிற்சி இருந்ததே, என்னவோ ஒன்று, ஞாபகம் வரவில்லை. கண்ணாடி மூச்சு பட்டு வெள்ளையாகிவிட்டது. மூக்கு ஒழுகியது, துடைக்க வழியில்லை, கையை எடுத்தால் விழுந்துவிடுவோம். எடுக்கவில்லை. உப்பு உதட்டுக்கு வந்தது. மகளுடைய முதுகு ஒரு தடவை விம்மி இறங்கியது. அவளும் அழுகிறாளா, ஓட்டுகிறவள் அழலாமா, பாதை தெரியுமா? பயம் வந்தது. அழுகையும் கூடவே வந்துகொண்டிருந்தது. இரண்டும் ஒன்றையொன்று தடுக்கவில்லை. காவேரிப் பாலத்தில் ஏறினபோது கீழே தண்ணீரா மணலா என்று அவளுக்குத் தெரியவில்லை. காற்று குளிர்ந்ததை மட்டும் உணர்ந்தாள்.

கதவைத் திறந்த கோமதி, ஜெகந்நாதனின் அக்கா, தம்பி பெண்டாட்டியைச் சுடிதாரில் பார்த்து ஒரு கணம் திகைத்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள். என்ன சாரு, கண்ணெல்லாம் இப்படி இருக்கு, தூசி பட்டுடுச்சா என்று கேட்டாள். இல்லை அண்ணி, அழுதேன் என்றாள் சாருமதி. கோமதி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.  பிறகு அவளும் மூக்கைச் சிந்திக்கொண்டு, வாழையிலை வாங்க மறந்துட்டேன், கடைத்தெருவுக்குப் போய்ட்டு வந்திடறேன் என்று எழுந்தாள். நான் போறேன் அத்தை என்று மிருதுளா சாவியை எடுத்தாள். எடுத்தவள் நின்றாள். வந்து இறங்கியாயிற்று. சொல்ல வேண்டியவள் இன்னும் சொல்லவில்லை. கையில் சாவியோடு, நிலைப்படியில், அம்மாவைப் பார்த்தாள். சாருமதிக்குள் எல்லாம் பழையபடி தயாராகிவிட்டது. போன் மணி, தெரியாத குரல், பச்சைத் துணி. துப்பட்டா இன்றைக்கு மஞ்சள்.

"போய்ட்டு வா" என்றாள். "நுனியிலை கிடைச்சா வாங்கிட்டு வா."

மிருதுளா சிரிக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு இறங்கிப் போனாள். வெளியே வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. தெருவில் நீண்டு போயிற்று. முனையில் நின்றது. நின்றதும் சாருமதியின் கை டம்ளரோடு அந்தரத்தில் நின்றது. ஜன்னல் பக்கம் போகலாம், எழுந்தால் மூன்றடிதான். எழவில்லை. சத்தம் மறுபடி ஆரம்பித்து, திரும்பி, வேறு சத்தங்களோடு சேர்ந்து, இனி இது எது என்று பிரித்துச் சொல்ல முடியாததாகிவிட்டது. உள்ளே குக்கர் விசில் அடித்தது. சாருமதி எழுந்து சமையலறைக்குப் போய், அவளுக்குப் பசிக்கும் அண்ணி, அப்பளத்தை நான் பொரிக்கட்டுமா என்று கேட்டாள்.